வகுப்பின் நிரம்பாத பாதி

ஒடிலியா கர்ராஸ்கோ பேச ஆரம்பித்தால் பெல்ட்டில் ஓடும் ஆப்பிள்கூட நின்று கேட்கும் என்று பேக்கிங் ஷெட்டில் சொல்வார்கள். இருபது வருடமாக அதே ஷெட்டில் அதே பெல்ட்டின் முன்னால் நின்று, அடிபட்ட பழத்தையும் புழு துளைத்த பழத்தையும் பொறுக்கித் தள்ளுகிற வேலை அவளுக்கு. கை தன்பாட்டுக்கு ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். மேஸ்திரியின் நடை, பாதிரியாரின் இருமல், மளிகைக்கடைக்காரியின் மூன்றாவது கல்யாணம், எல்லாவற்றையும் அவள் சொல்லித்தான் கேட்க வேண்டும். மெக்சிகோக்காரிகள் வரிசையாக நிற்கும் அந்தப் பெல்ட்டில் அவள் விடுப்பு எடுத்த நாளில் பொழுது நகராது.

திங்கட்கிழமையென்றால் நயெலி கதை. "நேத்து நயெலி போன் பண்ணினா" என்று தொடங்குவாள். சியாட்டிலில் நர்சிங் படிக்கும் மூத்த மகள். அவளுக்கு எந்த டாக்டரைப் பிடிக்காது, அறைத்தோழி எப்படிக் குறட்டை விடுகிறாள், பிணத்தை முதன்முதலாகப் பார்த்தபோது என்ன நினைத்தாள் என்று மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ஓடும். கேட்கிற பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் எல்லாரும் குடியிருக்கும் ட்ரெய்லர் வீட்டுக் காலனியிலிருந்து பெரிய படிப்புக்குப் போன முதல் பிள்ளை அவள்தான்.

எதிரே நின்று வேலை செய்யும் குகாவுக்கு மட்டும் அந்தக் கதையில் முக்கால்வாசி இட்டுக்கட்டியது என்று தெரியும். நயெலியின் ஞானத்தாய் அவள். ஞாயிற்றுக்கிழமை அந்த போன் வரும்போது எத்தனையோ தடவை ஒடிலியாவின் சமையலறையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். போன் இப்படித்தான் இருக்கும்:

"சாப்டியா?"

"சாப்டேன்."

"குளிரா?"

"கொஞ்சம்."

"காரு?"

"ஓடுது."

"சரி."

"சரிம்மா."

இவ்வளவும் ஆங்கிலத்தில். அதற்குமேல் ஒடிலியாவிடம் ஆங்கிலம் கிடையாது. அதற்குமேல் நயெலியிடம் ஸ்பானிஷ் கிடையாது.

இந்த நிலைமை தானாக வந்துவிடவில்லை. நயெலி ஐந்து வயதில் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது, முதல் மாதம் முழுக்க வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு டீச்சர் நல்ல மனுஷி, பிள்ளைகளென்றால் உருகிவிடுவாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லி ஒடிலியாவிடம் பேசினாள். இரண்டு மொழி காதில் விழுந்தால் குழந்தைக்குக் குழப்பம்தான் வரும், இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றாள். இதே அறிவுரையைக் காலனியில் எல்லாத் தாய்களும் கேட்டார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஸ்பானிஷிலேயே பிள்ளைகளைத் திட்டினார்கள். ஒடிலியாவோ டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து மாதிரி அதை எடுத்துக்கொண்டாள். மகள் முன்னேற வேண்டும் என்ற வெறி அவளுக்கு. அன்று மாலையே ரேடியோவை நிறுத்தினாள். பாட்டை நிறுத்தினாள். கதையை நிறுத்தினாள். கணவன் ஃபிடென்சியோ தோட்டத்தில் கிளை வெட்டிவிட்டு வந்து ஏதாவது சொல்ல வாயெடுத்தால் "ஷ்" என்பாள். அந்த மனிதன் சிறிது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளியே நின்ற பழைய வண்டியின் இன்ஜினைக் குடைவதில் மாலைப்பொழுதைக் கழிக்கப் பழகிக்கொண்டான்.

அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் பெல்ட்டில் கற்றது. நில், நகரு, சீக்கிரம், சின்னது, பெரியது, நல்லது, பழுது. அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை வளர்த்தாள். பிள்ளை நல்ல மார்க் வாங்கி வந்தால் "நல்லது". அடுப்பருகே போனால் "நகரு". பன்னிரண்டு வயதில், உயிர்த்தோழி பேச்சை முறித்துக்கொண்டாள் என்று நயெலி தேம்பித் தேம்பி அழுதபோது, ஒடிலியா அவள் தலையைத் தடவி அந்தத் தோழியைப் பற்றி "பழுது" என்று தீர்ப்புச் சொன்னாள். அழுகைக்கு நடுவே நயெலி சிரித்துவிட்டாள். ஒடிலியாவும் சிரித்தாள். அவர்களுக்குள் நடந்த பேச்சுகளில் இன்றுவரை ஒடிலியா நினைத்து நினைத்துப் பார்ப்பது அதைத்தான்.

மூன்று வருடத்துக்கு முன் மெக்சிகோவில், சொந்த ஊரான மிச்சோவாகானில், ஒடிலியாவின் அப்பா இறந்துபோனார். செய்தி வந்தபோது நயெலி வீட்டில் இருந்தாள். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒடிலியாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. கடைசியாக அப்பாவோடு சண்டை போட்டதை, அதற்குப்பிறகு வீம்பில் போன் பண்ணாமல் இருந்ததை, நாளைக்குப் பண்ணலாம் நாளைக்குப் பண்ணலாம் என்று தள்ளிப்போட்டதை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "அப்பா செத்துட்டார்" என்றாள் ஒடிலியா ஆங்கிலத்தில். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், "சாப்பிடுறியா?" என்று கேட்டாள்.

அப்போது இட்செல்லுக்கு இரண்டு வயது. யாரும் எதிர்பாராமல் வந்து பிறந்த இரண்டாவது பெண். தரையை விட்டு எழுந்த ஒடிலியா, இவளை அப்படி விடமாட்டேன் என்று முடிவு செய்தாள். மறுநாளிலிருந்து ரேடியோ பாடியது.

இட்செல்லுக்கு ஐந்து வயதான வருடம், பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழி வகுப்பு ஒன்று ஆரம்பிக்கப்போவதாகச் செய்தி வந்தது. பாதி நாள் ஸ்பானிஷில் பாடம், பாதி நாள் ஆங்கிலத்தில். பிள்ளைகளும் அப்படியே, பாதிப்பேர் ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகள், மறுபாதி ஆங்கில வீட்டுப் பிள்ளைகள். ஒருவரிடமிருந்து ஒருவர் பழகிக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை, இரண்டு பாதியும் நிரம்ப வேண்டும். இல்லையென்றால் வகுப்பு கிடையாது, எல்லாரும் வழக்கமான ஆங்கில வகுப்பில்தான்.

ஆங்கிலப் பாதி, பெயர் பதியத் தொடங்கிய முதல் நாள் காலையிலேயே நிரம்பிவிட்டது. தோட்ட முதலாளிகளின் மனைவிகள் மடக்கு நாற்காலியும் காப்பியுமாக வந்து விடியுமுன்பே வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்பானிஷ் பாதியில் முதல் பெயர் இட்செல். ஏப்ரல் மாதம் பிறந்து தோட்டமெல்லாம் பூத்துவிட்டது, பாதியில் பாதிகூட நிரம்பவில்லை.

"வெள்ளக்காரிங்க நாற்காலி போட்டு உக்காந்து வாங்கிட்டுப் போறாளுங்க" என்றாள் குகா. "நம்மாளுங்க வீடு தேடி வந்து குடுத்தாலும் வேண்டாங்குறாங்க. என்ன ஜனம் நம்ம ஜனம்!"

ஒடிலியா ஷிப்ட் முடிந்து காலனியில் வீடு வீடாக ஏறினாள். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், குடிக்கக் கொடுத்தார்கள், யோசிக்கிறோம் என்றார்கள். உள்ளதைச் சொன்னவன் எவரிஸ்தோ ஒருவன்தான். அதே ஷெட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், ஐந்து வயதில் இரட்டைப் பிள்ளைகள். வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாம்மா ஒடிலியா. ஓட்டு கேக்க வந்தியா?"

"உன் புள்ளைங்கள கேக்க வந்தேன்."

"ரெண்டையும் தூக்கிட்டுப் போ. சாயங்காலம் திருப்பிக் கொண்டு வராட்டியும் பரவால்ல."

"வெளையாடாத. அந்த ரெண்டு மொழி கிளாசுக்குச் சொல்றேன்."

அவன் குழாயை மூடினான். "ஸ்பானிஷ் நானே வீட்டுல சொல்லித் தரேன். கெட்ட வார்த்தை உள்பட. அதுக்கு எதுக்கு ஸ்கூலு? இங்கிலீஷுக்குத்தான நாம இவ்வளவு தூரம் வந்தோம்?"

"ரெண்டும் படிச்சா ரெண்டும் வரும்னு அந்த கிளாஸ் எடுக்கப்போற அம்பாரோ டீச்சர் சொல்றாங்க."

"டீச்சர் சொல்வாங்க. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. உன் மூத்த பொண்ணு இங்கிலீஷ் ஏணியில ஏறி சியாட்டில் போய்ச் சேந்துட்டா. இப்ப நீ ஏணிய எடுத்து உன் வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, எங்க புள்ளைங்கள மரத்தப் புடிச்சு ஏறச் சொல்ற."

அவன் மறுபடி குழாயைத் திறந்தான்.

மறுநாள் பெல்ட்டில் இதைக் குகாவிடம் பொரிந்து தள்ளினாள். குகா ஒரு அழுகல் பழத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"அவன் சொன்னதுல என்ன தப்பு? நீ திங்கக்கிழம திங்கக்கிழம விடுற கதையக் கேட்டா எனக்கே என் பேரப்புள்ளைய இங்கிலீஷ்ல போடத் தோணுது."

"அது வேற."

"என்ன வேற? உண்மையச் சொல்லுடி. எனக்கும் அவளுக்கும் பேச்சே கெடையாதுன்னு சொல்லு. அதக் கேட்டா யாரா இருந்தாலும் யோசிப்பாங்க."

"பேச்சு இல்லாம என்ன?"

"அப்படியா? போன ஞாயித்துக்கிழம என்ன சொன்னா?"

ஒடிலியாவின் கை பெல்ட்டின் மேல் நின்றது. நாலைந்து பழுது அவளைத் தாண்டிப் போயின.

"குளிருதுன்னா."

தாண்டிப் போன பழங்களைக் குகா எட்டிப் பொறுக்கித் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாதா கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில் அம்பாரோ டீச்சர் கூட்டம் வைத்தாள். பட்டியலை முடிக்க அதுதான் கடைசி நாள். குகா பெரிய பானையில் இனிப்புச் சோளக்கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். கஞ்சிக்காகவாவது கூட்டம் வரும் என்பது அவள் கணக்கு, வந்துமிருந்தது. டீச்சர் சின்னவள், டெக்சாஸில் வளர்ந்தவள், சுற்றி வளைக்காமல் பேசினாள். வீட்டு மொழியில் படிக்கப் பழகிய பிள்ளைக்கு எழுத்து என்றால் என்ன என்று ஒருமுறை பிடிபட்டுவிடும், அடுத்த மொழிக்கு அதைத் திரும்பக் கற்க வேண்டியதில்லை என்றாள். முதல் இரண்டு மூன்று வருடம் ஆங்கிலத்தில் கொஞ்சம் பின்தங்குவார்கள், அதை மறைக்கமாட்டேன் என்றும் சொன்னாள். ஐந்தாம் வகுப்புக்குள் எட்டிப் பிடிப்பார்கள், பலபேர் தாண்டியும் போவார்கள்.

"அதுவரைக்கும்?" என்றாள் ஒரு தாய். "அதுவரைக்கும் என் புள்ள மக்குன்னு பேர் வாங்கணுமா?"

"பெரிய படிப்புக்கு இது ஆவுமா?" என்றான் எவரிஸ்தோ. "அதச் சொல்லுங்க டீச்சர். நயெலி போனாளே, அந்தப் படிப்புக்கு?"

கூடமே ஒடிலியாவைத் திரும்பிப் பார்த்தது. இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவள் எழுந்தாள். குகா அவள் முழங்கையை ஒருமுறை அழுத்தினாள். ஒடிலியா வாயைத் திறந்தாள். இருபது வருடம் பழகிய வாய் பழகிய வழியிலேயே போய்விட்டது.

"நயெலியே எங்கிட்ட சொன்னா. 'அம்மா, தங்கச்சிய அந்த கிளாசுலதான் போடணும், எல்லார்கிட்டயும் சொல்லுங்க'ன்னு நேத்துகூட சொன்னா. ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தோம்."

குகா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா படியில் காலடி கேட்க வேண்டும்? ஈஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நயெலி, தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, அம்மாவைக் கூட்டிப்போக இறங்கி வந்தாள். ஒடிலியாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"இதோ, சாட்சியே வந்தாச்சு" என்றான் எவரிஸ்தோ. நயெலியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். ஃபோர்க்லிஃப்டில் சரக்கு ஏற்றும்போது லாரி டிரைவர்களோடு பேசிப் பேசி அவனுக்கு நல்ல ஆங்கிலம்.

நயெலி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகமெடுத்தது. ஆங்கிலத்தின் அந்த ஓட்டம் எப்போதும்போல ஒடிலியாவின் தலைக்குமேல் போனது. 'பள்ளி' என்பது பிடிபட்டது, 'அம்மா' பிடிபட்டது, 'ஆஸ்பத்திரி' பிடிபட்டது. மகள் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில், வங்கியில், பட்டமளிப்பு விழாவில், எல்லா இடத்திலும் அவள் இப்படித்தான் தலையாட்டியிருக்கிறாள். புன்னகையோடு, நிமிர்ந்து, ஆமாம் ஆமாம் என்று.

பக்கத்திலிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கடுத்தவளும் குனிந்துகொண்டாள். எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒடிலியாவையே பார்த்தான், அவன் முகத்தில் கிண்டல் இல்லை. தான் எதற்கோ தப்பாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கழுத்து அப்படியே நின்றது.

"குகா" என்றாள். மெல்லத்தான் கேட்டாள், ஆனால் கூடத்தில் வேறு சத்தம் இல்லை. "எம்பொண்ணு என்ன சொல்றா?"

நயெலி பேச்சை நிறுத்தினாள். கேள்வி அவளுக்குப் புரிந்துவிட்டது.

காதால் கேட்டே ஆங்கிலம் புரிந்துகொள்ளப் பழகியிருந்த குகா ஒவ்வொன்றாகச் சொன்னாள். "இங்கிலீஷ் எனக்கு எல்லாம் குடுத்துச்சு, அதுல எனக்குக் கொறையில்லன்னா."

"சரி."

"தங்கச்சி விஷயமா அம்மா எங்கிட்ட எதுவும் பேசலன்னா. நேத்தும் பேசல, என்னைக்கும் பேசலன்னா."

ஒடிலியா தலையைக் குனியவில்லை. "அப்புறம்?"

"ஆஸ்பத்திரியில பயிற்சிக்குப் போனப்ப ஒரு வயசான பொம்பள, நம்மூர்க்காரி. இவ முகத்தப் பாத்துட்டு கையப் புடிச்சுக்கிட்டு ஸ்பானிஷ்ல பேசிக்கிட்டே இருந்தாளாம். இவளுக்குப் பாதிகூடப் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டிக்கிட்டே நின்னாளாம். அந்தம்மா ரொம்ப சந்தோஷமா தூங்கிட்டாளாம். வெளிய வந்து அழுதேங்குறா." குகா நயெலியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எங்கம்மாகிட்டயும் நான் அதத்தான் செய்றேன், எங்கம்மாவும் எங்கிட்ட அதத்தான் செய்றாங்கன்னு சொன்னா. கூட தங்கியிருக்கிற பொண்ணோட அம்மா எப்படிப்பட்டவங்கன்னு எனக்குத் தெரியும், எங்கம்மா எப்படிப்பட்டவங்கன்னு தெரியாதுன்னா. பெல்ட்டுல நிக்கிற எல்லாரும் எங்கம்மா பேச்சக் கேட்டுச் சிரிக்கிறாங்க, எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா. கோவமா இருக்கு, யார்மேலன்னு தெரியலன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நயெலி தங்கையின் கையை விட்டுவிட்டுப் படியேறி வெளியே போய்விட்டாள். ஒடிலியா கூட்டத்தைப் பார்த்தாள். இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை.

"நான் பொய் சொன்னேன்" என்றாள். "திங்கக்கிழம சொல்றதும் பொய்தான். அவ எங்கிட்ட எதுவும் சொன்னதில்ல. சொன்னாலும் எனக்குப் புரியாது." உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு சிலர் எழுந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெண்கள் போகிற போக்கில் ஒடிலியாவின் தோளைத் தொட்டார்கள், சாவு வீட்டில் தொடுகிற மாதிரி. மக்கு என்று பேர் வாங்கணுமா என்று கேட்ட தாய் டீச்சரின் மேசைக்குப் போய்ப் பெயர் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். எவரிஸ்தோவும் அவன் மனைவியும் ஒரு மூலையில் நின்று வாய்க்குள்ளேயே சண்டை போட்டார்கள். கடைசியில் அவன் மேசைப் பக்கம் வந்தான்.

"ரெண்டு பேரையும் எழுதுங்க டீச்சர்" என்றான். "எனக்கு இன்னும் நம்பிக்க வரல. அதையும் எழுதிக்கோங்க."

அந்த இரட்டையரோடு பாதி நிரம்பியது. அம்பாரோ டீச்சர் ஓடிவந்து ஒடிலியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கிளாஸ் நடக்கும்! உங்களாலதான் நடக்கும்!" ஒடிலியா "நல்லது டீச்சர்" என்றாள். இட்செல் எந்தக் கவலையும் இல்லாமல் கஞ்சிப் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நயெலி காரில், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. ஒடிலியா சின்னவளைப் பின்னால் ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். கார் நகர்ந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஆப்பிள் மரங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. இரவுப் பனியில் பூ கருகாமலிருக்கக் காற்றாடி இயந்திரங்கள் சுற்ற ஆரம்பித்திருந்தன.

"ஸாரி" என்றாள் நயெலி ஆங்கிலத்தில்.

அதற்குப் பதில் சொல்ல ஒடிலியாவிடம் ஆங்கிலத்தில் 'சரி' என்ற ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. அம்மா எப்படிப்பட்டவள் என்று தெரியாதாம். சரி, தெரிந்துகொள்ளட்டும்.

"பதினாறு வயசுல நான் ஒருத்தனோட ஓடிப்போகப் பாத்தேன்" என்றாள் ஸ்பானிஷில். "பேண்டுல டிரம் அடிக்கிறவன். மூக்கு இவ்வளவு பெருசு. ரொட்டி வேன்ல ஏறி ஒளிஞ்சுக்கிட்டேன், மாவு மூட்டைக்குப் பின்னால. அவன் வந்தானா? வரல. எங்கப்பா வந்தாரு. மாவுல வெள்ள வெளேர்னு நிக்கிறேன், அவரு என்னப் பாத்துட்டு பேய்னு நெனச்சு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டாரு..."

பெல்ட்டில் சொல்கிற அதே வேகத்தில் வந்தது. நயெலி ரோட்டைப் பார்த்தபடி புருவத்தைச் சுருக்கினாள்.

"மெதுவா" என்றாள், ஸ்பானிஷில்.

ஒடிலியாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தினாள், இன்னொரு வார்த்தை சொல்லி நிறுத்தினாள். அப்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னால் கதை செத்துப்போகிறது என்று அவளுக்கே தெரிந்தது. பேண்டுக்காரன் வந்தான், மூக்கு வந்தது, ரொட்டி வேன் வந்தது. பின்சீட்டில் இட்செல் விழுந்து விழுந்து சிரித்தாள். நயெலி சிரிக்கவில்லை. ஒடிலியா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த வார்த்தையைச் சொன்னாள்.